மணி அடிக்காத பெட்டி

அக்கா,

நீங்கள் இறந்துபோன செய்தி எனக்கு இன்டர்நெட்டில் வந்தது. வந்து ஒரு வாரம் கம்ப்யூட்டர் பெட்டிக்குள்ளேயே கிடந்தது. நான் திறந்து பார்த்தபோது பெங்களூரில் உங்களை அடக்கம் செய்து முடித்து, மேலே போட்ட மாலைகளும் காய்ந்திருக்கும்.

நடந்தது இவ்வளவுதான். இதை உங்களிடம் சொல்லிவிட வேண்டும் என்று உட்கார்ந்திருக்கிறேன். ஏற்காடு ஒண்டிக்கடை முக்கில் என் கடையின் பின்னறை. ஒரு பக்கம் மிளகு மூட்டை, இன்னொரு பக்கம் கம்ப்யூட்டர் மேஜை. வெளியே தூறல். சற்று முன்புதான் இன்டர்நெட்டுக்கு லைன் போட்டேன். மோடம் என்று ஒரு சின்னப் பெட்டி இருக்கிறது. அது சேலத்துக்கு டயல் செய்யும், கீச்சென்று கத்தும், கரகரவென்று இரையும், பிறகு அடங்கிவிடும். அதை முதல்முறை கேட்டபோதே எனக்கு உங்கள் டெலிபோன் எக்ஸ்சேஞ்ச் ஞாபகம் வந்தது. மழை நாளில் சேலம் டிரங்க் லைன் இப்படித்தான் கத்தும். அந்த இரைச்சலுக்குள்ளிருந்து உங்கள் குரல் வரும்: "வெச்சிராதீங்க, லைன்லயே இருங்க." இப்போதும் இரைச்சல் வருகிறது. அடங்கிய பிறகு யாரும் எதுவும் சொல்வதில்லை.

நான் ஏற்காட்டுக்கு வந்தது கருவாட்டு மூட்டையோடு. சேலத்தில் வாங்கி எஸ்டேட் கூலிக்காரர்களின் லைன் வீடுகளில் விற்பேன். காசு இல்லாதவர்கள் மிளகாகத் தருவார்கள். அதைக் கீழே கொண்டுபோய் விற்பேன். சீக்கிரமே கருவாட்டைவிட மிளகில்தான் காசு என்று புரிந்துவிட்டது. மிளகு விலை கொச்சியில் முடிவாகிறது, கொச்சிக்குப் பேச டிரங்க் கால் போட வேண்டும், அதற்கு உங்களிடம் வர வேண்டும். தபால் ஆபீசுக்குப் பக்கத்து அறை. ஜன்னலுக்கு அந்தப் பக்கம் காதில் ஹெட்போன் மாட்டிக்கொண்டு, ஒயர்களை ஓட்டைகளில் சொருகியும் பிடுங்கியும் நீங்கள். சொருகிக்கொண்டே என்னைப் பார்த்துக் கேட்டீர்கள்.

"ஏனுங்க கருவாட்டுக்காரரே, கொச்சில உங்களுக்கு ஆரு இருக்கறாங்க?"

"ஆரும் இல்லீங்கக்கா. வெல கேக்கோணும்."

"கருவாட்டு வெலைக்கா டிரங்க் கால்? நொம்பப் பெரிய மொதலாளிதான்."

பின்னால் நின்றவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். ஒரு வருஷம் கழித்து என்னை 'மொளகுக்காரரே' என்று கூப்பிட ஆரம்பித்தீர்கள். கடை போட்டு, எழுதிக் கொடுத்துக் காத்திருந்து, போன் வாங்கினேன். என் நம்பர் முப்பத்தேழு. அன்றிலிருந்து என் பெயரும் அதுவாகிவிட்டது. தெருவில் பார்த்தாலும், சர்ச் வாசலில் பார்த்தாலும், "என்னங்க முப்பத்தேழு, சௌக்கியமா?" ஊரில் பாதிப் பேர் உங்களுக்கு நம்பர்தான். நான் கல்யாணத்துக்குப் பத்திரிகை கொடுக்க வந்தபோது, "பொண்ணு ஊட்டுல போன் இருக்குதுங்களா? என்ன நம்பரு?" என்றுதான் முதலில் கேட்டீர்கள்.

அந்த எக்ஸ்சேஞ்சைப் பற்றி இப்போது ஆட்கள் ஏதோ பொற்காலம் மாதிரிப் பேசுகிறார்கள். நான் அப்படிச் சொல்ல மாட்டேன். காலையில் புக் செய்தால் சாயங்காலம் லைன் கிடைக்கும். கிடைத்தவுடன் கட்டாகும். மழை பிடித்துவிட்டால் கீழே இருக்கும் உலகமே இல்லை. விலை இறங்கியது தெரியாமல் நான் மூட்டை மூட்டையாக வாங்கி அடுக்கிய நாட்கள் உண்டு. நீங்களும் அதைக் கொண்டாடவில்லை. "இது ஒரு கழுதப் பொழப்புங்க. காது ரெண்டும் போச்சு. ஊட்டுல அவரு கூப்பிட்டா கேக்க மாட்டேங்குது, ஊர்ல இருக்கறவன் எல்லாம் பேசறது மட்டும் கேக்குது" என்பீர்கள்.

ஆனால் ஒன்றை மறைக்க மாட்டேன். என் வியாபாரம் அந்தத் தாமதத்தின் மேல்தான் நின்றது. கொச்சி விலை எனக்குக் காலையில் தெரிந்துவிடும். மலைக்கு உள்ளே மாரமங்கலத்தில் மிளகு வைத்திருப்பவருக்கு அது மறுநாள் பஸ்ஸில்தான் போய்ச் சேரும். அந்த ஒரு நாள்தான் என் முதல். கருவாடு விற்ற காசு எல்லாம் அதற்கு அப்புறம். இது தெரிந்த ஒரே ஆள் நீங்கள்.

"எல்லா வெலையும் என் காது வழியாத்தான போகுது? நான் வாயத் தொறந்தா முப்பத்தேழு காலி" என்று ஒருமுறை சொன்னீர்கள்.

"தொறந்துராதீங்கக்கா. புள்ளகுட்டிக்காரன்."

"மாரமங்கலத்துக்காரனுக்கு மட்டும் புள்ள இல்லீங்களா?" என்று கேட்டுவிட்டு லைனைக் கொடுத்தீர்கள். வாயைத் திறக்கவில்லை. அதற்காக என்னிடம் எதுவும் வாங்கவும் இல்லை. ஒரு கிறிஸ்துமஸுக்கு நல்ல மிளகாகப் பொறுக்கி ஒரு பொட்டலம் எடுத்துக்கொண்டு ஜன்னலுக்கு வந்தேன். "இது கவர்மெண்ட் ஆபீசுங்க. இங்க வாங்கினா வேலை போயிரும்" என்றீர்கள். நான் திரும்பினேன். "ஊடு எங்கன்னு தெரியுமில்ல?" என்று கேட்டு எல்லாரையும் சிரிக்க வைத்தீர்கள்.

இன்னொன்று. பேசிக்கொண்டிருக்கும்போது நடுவில் வருவீர்கள். சேலம் மண்டிக்காரரிடம் நான் விலையை ஏற்றி ஏற்றிப் பேசி, அவர் விட்டுக்கொடுக்கப் போகிற நேரமாகப் பார்த்து, "முப்பத்தேழு, பேசினது போதும், பெரியாஸ்பத்திரியில இருந்து டாக்டருக்கு அர்ஜெண்ட் வந்திருக்குது, லைனை விடுங்க" என்று பிடுங்கிவிடுவீர்கள். மண்டிக்காரர் மறுநாள் பழைய விலையில் வந்து நிற்பார். உங்களிடம் சண்டை போட்டிருக்கிறேன். "உங்க மொளகு நாளைக்கும் மொளகுதான். அங்க ஆளு நாளைக்கு இருக்கோணுமில்ல?" என்று கேட்டீர்கள். ஆனாலும் அன்று முழுக்கக் கோபமாகத்தான் இருந்தேன்.

என் அப்பா இறந்த நாளை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். ஆத்தூர்ப் பக்கம் எங்கள் ஊரிலிருந்து என் அண்ணன் சைக்கிளில் ஆத்தூர் வந்து டிரங்க் போட்டார். என் கடை பூட்டியிருந்தது. மணி அடித்து ஓய்ந்தது. யாரும் எடுக்கவில்லை என்று சொல்லி நீங்கள் வைத்திருக்கலாம். சட்டப்படி உங்கள் வேலை அதோடு முடிந்தது. நீங்கள் பஸ் ஸ்டாண்டு டீக்கடைக்குப் போன் போட்டு நான் எந்தப் பஸ் ஏறினேன் என்று கேட்டிருக்கிறீர்கள். மாரமங்கலம் பஸ் என்றார்கள். அந்த ரோட்டில் போன் இருக்கிற எஸ்டேட் ஒவ்வொன்றாகத் தட்டியிருக்கிறீர்கள். கடைசியில் ஒரு எஸ்டேட்டில் கணக்கு எழுதும் ரைட்டர் தன் மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு என்னைத் தேடி வந்தார். நான் ஒரு வீட்டு வாசலில் தராசைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

"எக்ஸ்சேஞ்ச் அம்மா சொல்லச் சொன்னாங்க. உங்கப்பாவுக்கு ஒடம்புக்கு முடியலையாம். ஒடனே வரச் சொல்லியிருக்காங்க. ஏறுங்க."

ஒண்டிக்கடைக்கு வந்து சேர்ந்தபோது சேலம் பஸ் புறப்படாமல் நின்றது. உள்ளே இருந்தவர்கள் திட்டிக்கொண்டிருந்தார்கள். டிரைவர், "எக்ஸ்சேஞ்ச் அக்கா நிறுத்தச் சொல்லிச்சு, நான் என்ன பண்றது" என்றார். நான் ஏறியதும் எல்லாரும் வாயை மூடிக்கொண்டார்கள். என்னைத் தவிர எல்லாருக்கும் தெரிந்திருக்கிறது. எனக்கு ஊர் போய், தெருமுனையில் பந்தலைப் பார்த்த பிறகுதான் தெரிந்தது. கொள்ளி வைக்கும் முன்பு போய்ச் சேர்ந்துவிட்டேன்.

காரியம் முடிந்து மேலே வந்து உங்களிடம் கேட்டேன். "தெரிஞ்சேதான மறைச்சீங்க?"

"ஆமாங்க. செத்துட்டாருன்னு சொல்லி அனுப்பினா கொண்டை ஊசி வளைவு இருவதையும் எப்படி எறங்குவீங்க? அழுதுட்டே எறங்கினா வாந்தி வேற வரும்." பிறகு சொன்னீர்கள், "சாவைக் கம்பியில சொல்லக் கூடாதுங்க முப்பத்தேழு. ஊட்டுக்கு வரச் சொல்லோணும். வந்து அவிங்களே பாத்துக்குவாங்க."

ஆட்டோமேட்டிக் எக்ஸ்சேஞ்ச் வந்தபோது நான் சந்தோஷப்பட்டேன் என்பது உங்களுக்குத் தெரியும். எஸ்.டி.டி. போட்டுக் கொடுத்த முதல் நாளே கொச்சிக்கு நேராக டயல் செய்து பேசினேன். நடுவில் யாரும் இல்லை. உங்களைச் சேலத்துக்கு மாற்றினார்கள். போகும்போது கடைக்கு வந்தீர்கள். "இனிமே உங்க வெல என் காதுக்கு வராது. நிம்மதியாத் தூங்குங்க" என்றீர்கள். நான் காபி வாங்கிக் கொடுத்தேன். வருத்தப்பட்டதாக ஞாபகம் இல்லை. வியாபாரம் நன்றாக நடந்துகொண்டிருந்தது. பிறகு ஃபேக்ஸ் வந்தது. அது இன்னும் சௌகரியம். மணி அடிக்கும், தாள் தானாக வெளியே வரும், கிழித்து எடுத்துக்கொண்டால் போதும்.

இந்த ஃபேக்ஸ் பழக்கத்தில்தான் எனக்குக் கோளாறு வந்தது.

போன கோடையில், சொந்தக்காரர் வீட்டுக் கல்யாணத்துக்கு நீங்கள் பெங்களூரிலிருந்து ஏற்காட்டுக்கு வந்தீர்கள். ரிட்டயர் ஆகி, உங்கள் வீட்டுக்காரரும் போய்விட்ட பிறகு, மகளோடு இருந்தீர்கள். நடையில் தளர்ச்சி இருந்தது. குரல் அப்படியே இருந்தது. நான் அப்போதுதான் கம்ப்யூட்டர் வாங்கியிருந்தேன். பம்பாயில் ஏற்றுமதி செய்கிற ஒருவர், இனிமேல் ஆர்டர் எல்லாம் இ-மெயிலில்தான் என்று சொல்லிவிட்டார். சேலத்திலிருந்து கம்ப்யூட்டர்க்காரர் வந்து மாட்டிக் கொடுத்து, எனக்கு ஒரு விலாசமும் உண்டாக்கிக் கொடுத்தார். அதைப் போட்டுப் புதுசாகக் கார்டு அடித்திருந்தேன். உங்களிடம் ஒன்று கொடுத்தேன். நீங்கள் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படித்தீர்கள்.

"இது என்னங்க நடுவுல, இங்கிலீஷ் 'ஏ'வைச் சுத்திப் பாம்பு மாதிரி?"

"அதாங்கக்கா இன்டர்நெட்டு. உலகத்துல எங்க இருந்தாலும் இதுக்கு ஒரு மடல் போட்டா அடுத்த நிமிஷம் எனக்கு வந்துரும். உங்க எக்ஸ்சேஞ்ச், தபால் ஆபீசு எல்லாத்தையும் சேத்து ஒரு பெட்டியில அடைச்சாச்சு."

"வந்தா மணி அடிக்குமுங்களா?"

"அடிக்காம? ஃபேக்ஸே அடிக்குது."

நீங்கள் கார்டைப் பர்ஸில் வைத்துக்கொண்டீர்கள். போகும்போது பெட்டியைத் திரும்பிப் பார்த்து, "பரவால்லியே முப்பத்தேழு, நான் வாங்கின சம்பளம்கூடக் கேக்காது போல" என்றீர்கள். அதுதான் நான் உங்களைக் கடைசியாகப் பார்த்தது.

அந்தப் பெட்டி மணி அடிக்காது என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. காலையில் இன்டர்நெட்டில் ஏறி மிளகு விலை போடுகிற பக்கத்தைத் திறப்பேன், பார்ப்பேன், மூடுவேன். மெயில் வந்தால் அது கூப்பிடும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். ஆர்டர் வரவில்லை, பம்பாய்க்காரர் வேறு யாரையோ பிடித்துவிட்டார் என்று அவரைத் திட்டிக்கொண்டிருந்தேன். ஒருநாள் அவரே போனில் வந்து என்னைத் திட்டினார். உடனே சேலத்துக்குப் போட்டேன்.

கம்ப்யூட்டர்க்காரர் சிரித்தார். "ஏனுங்க சார், மெயிலைத் தொறக்கவே இல்லீங்களா? அது உங்களைத் தேடி வராதுங்க. நீங்கதான் போயிப் பாக்கோணும்." எங்கே அமுக்க வேண்டும் என்று போனில் சொல்லச் சொல்ல எழுதிக்கொண்டேன். போனை வைத்தேன். வைத்தால்தானே இன்டர்நெட் போட முடியும்.

திறந்தேன். பம்பாய் ஆர்டர் இருந்தது. என் கை முதலில் அதைத்தான் திறந்தது. சரக்கு அனுப்புகிறேன் என்று பதில் அடித்தேன். அதற்கு மேலே இன்னொன்று இருந்தது. உங்கள் மகள் ஸ்டெல்லா அனுப்பியது. தமிழை இங்கிலீஷ் எழுத்தில் அடித்திருந்தாள். எனக்கு இங்கிலீஷ் எழுத்துக்கூட்டித்தான் வரும். ஒவ்வொரு எழுத்தாகச் சேர்த்தேன். அம்மா, காலையில், இறந்துட்டாங்க, மாமா. நாளைக்கு மத்தியானம் அடக்கம். போன் கிடைக்கலை. இது கிடைச்சதும் கிளம்பி வாங்க.

நாளைக்கு என்றால் எந்த நாளைக்கு என்று தேதியைப் பார்த்தேன். பிறகு இன்னொரு முறை பார்த்தேன்.

எனக்கு அழுகை வரவில்லை அக்கா. வந்தது என்று எழுதினால் பொய். வெளியே ஒரு ஆள் மிளகோடு காத்திருந்தார். போய் எடை போட்டேன். ஈரம் அதிகம், காய வைத்துக் கொண்டுவாருங்கள் என்றேன். அவர் விலையில் இழுத்தார், நானும் இழுத்தேன். சாப்பிட்டேன். சாயங்காலம் கடை பூட்டும்போது என் மனைவி, "என்னங்க, மொகம் ஒரு மாதிரி இருக்குது?" என்று கேட்டாள். எக்ஸ்சேஞ்ச் அக்கா போயிட்டாங்களாம் என்றேன். எப்போது என்று கேட்டாள். போன வாரம் என்று சொல்லிவிட்டுப் பூட்டைப் போட்டேன்.

மறுநாள் பெங்களூர் போனேன். ஸ்டெல்லா ஏதோ கம்பெனியில் கம்ப்யூட்டர் வேலையில் இருக்கிறாள். காபி கொடுத்தாள். நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன். அவளே பேசினாள்.

"போன் பண்ணினேன் மாமா. காலையில பண்ணினேன், எங்கேஜ். பத்து மணிக்கு மேல பண்ணினேன், எங்கேஜ். மறுபடியும் எங்கேஜ். போன் கெட்டிருக்கும்னு நெனச்சேன். அப்புறம் அம்மா பர்ஸ்ல உங்க கார்டு இருந்துச்சு. மெயில்னா கண்டிப்பாப் பாத்துருவீங்கன்னு போட்டேன்."

போன் கெடவில்லை. அன்று காலை மழை. விலைப் பக்கம் திறக்கவே இல்லை. கட்டாகும், மறுபடி போடுவேன், பாதி வரும், நிற்கும். காலை முழுக்க லைனைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். எனக்கு இருப்பது ஒரே லைன். அந்த லைனில் நான் மிளகு விலை பார்த்துக்கொண்டிருந்தபோது உங்கள் மகள் வெளியே தட்டிக்கொண்டிருந்தாள். நடுவில் வந்து, முப்பத்தேழு, லைனை விடுங்க என்று சொல்ல யாரும் இல்லை.

அவளிடம் இதைச் சொன்னேன். அவள் கோபப்படவில்லை. "பரவால்ல மாமா, உங்களுக்கு எப்படித் தெரியும்" என்றாள். அப்புறம் கேட்டாள், "முப்பத்தேழுன்னா நீங்கதான?"

"ஆமா கண்ணு."

"ஆஸ்பத்திரியில அம்மா, முப்பத்தேழுக்குச் சொல்லிட்டியா, முப்பத்தேழுக்குச் சொல்லிட்டியான்னு கேட்டுட்டே இருந்தாங்க. நான் ஏதோ பெட் நம்பர்னு நெனச்சு நர்ஸ்கிட்டப் போயிக் கேட்டேன். அப்புறம் சித்திதான் சொன்னாங்க."

கல்லறையைக் காட்டினாள். மண் இன்னும் இறுகவில்லை. கையில் கொண்டுபோன மாலையை வைத்தேன். மறுபடி பஸ் ஏறினேன். இருபது வளைவும் ஏறி வீட்டுக்கு வந்தேன். வாந்தி வரவில்லை.

அதன் பிறகு நடந்ததையும் சொல்லிவிடுகிறேன். உங்களுக்குப் பிடிக்கும்.

போன மாதம் மாரமங்கலத்திலிருந்து ஒருவர் மிளகு கொண்டுவந்தார். நான் விலை சொன்னேன். அவர் சட்டைப் பையிலிருந்து ஒரு தாளை எடுத்து மேஜையில் விரித்தார். கொச்சி விலை, அன்றைக்குக் காலை விலை, அச்சடித்தது. மகன் சேலத்தில் காலேஜ் படிக்கிறானாம். பிரவுசிங் சென்டரில் எடுத்து முதல் பஸ்ஸில் கொடுத்து அனுப்பியிருக்கிறான்.

"இதுல வேற போட்டிருக்குதுங்களே மொதலாளி?" என்றார். மரியாதையாகத்தான் கேட்டார். அவருக்குப் பின்னால் நின்ற இருவரும் தாளை எட்டிப் பார்த்தார்கள்.

"அது கொச்சியில கொண்டுபோயிக் குடுத்தா."

"கொச்சிக்கு லாரி வாடகை எவ்வளவுங்க? அதையும் கேட்டுட்டு வரச் சொல்லட்டுங்களா?"

சிரித்துவிட்டேன். வேறு வழியில்லை. கூடக் கொடுத்து வாங்கினேன். நீங்கள் வாயைத் திறக்காமல் காத்துக் கொடுத்த அந்த ஒரு நாள் அன்றோடு முடிந்தது. எனக்குக் கோபம்கூட வரவில்லை. அவனும் பிள்ளைகுட்டிக்காரன்தான். இனி மிளகில் நல்ல தரம் பிரிப்பது, காய வைப்பது, சொன்ன நாளில் அனுப்புவது இதில்தான் லாபம். அது குறைவான லாபம். வேறு எதில் காசு வரும் என்று யோசிக்க வேண்டியிருந்தது.

யோசிக்கும் முன்பே அது கடை வாசலில் வந்து நின்றது. பக்கத்துக் கிளியூரில் எஸ்டேட் வேலைக்குப் போகிற ஒரு அம்மா. அவருடைய மகன் துபாயில். போனில் பேசினால் காசு அதிகம் என்று, கம்பெனி கம்ப்யூட்டரில் மடல் போடுகிறானாம். யாரிடமோ என் கார்டைப் பார்த்து அந்த விலாசத்துக்கே போட்டிருக்கிறான். "எம்பையன் உங்க பெட்டியில என்னமோ போட்டிருக்கானாமே, கொஞ்சம் பாத்துச் சொல்லுங்க சாமி" என்றார். பார்த்தேன். இருந்தது. எப்போதோ வந்தது. படித்துக் காட்டினேன். இரண்டாவது முறையும் படிக்கச் சொன்னார். பிறகு எவ்வளவு என்று கேட்டு முந்தானை முடிச்சை அவிழ்த்தார். அப்போதுதான் எனக்கு உறைத்தது. இது விற்கக்கூடிய சரக்கு.

இப்போது பெட்டியில் ஊருக்கே மடல் வருகிறது. பெங்களூரிலிருந்து, துபாயிலிருந்து, திருப்பூர் பனியன் கம்பெனியிலிருந்து. எல்லாரும் என் விலாசத்துக்குப் போட்டு, மேலே ஆள் பெயரும் ஊரும் எழுதுகிறார்கள். வருவதில் சிக்கல் இல்லை. வந்திருக்கிறது என்று மாரமங்கலத்தில் இருப்பவருக்குத் தெரியாது. அவர் வந்து கேட்கும்வரை அது உள்ளே கிடக்கும். உங்கள் சாவு கிடந்த மாதிரி. அதை என்னால் பார்த்துக்கொண்டிருக்க முடியாது என்பது ஒரு காரணம். தேடிப் போய்க் கொடுத்தால் அதிகம் பேர் வருவார்கள் என்பது இன்னொரு காரணம். இரண்டையும் சொல்லிவிட்டேன்.

மாரமங்கலம் பஸ் கண்டக்டர் பழனியைக் கூப்பிட்டு டீ வாங்கிக் கொடுத்து, மடல் தாளை வழியில் சேர்க்கத் தாளுக்கு ஒரு ரூபாய் என்று பேசினேன். உங்களுக்குத் தெரிந்தவர்தான். அந்தக் காலத்தில் உங்கள் சேதியை ஊர் ஊராகச் சொல்லிக்கொண்டே போனவர்.

"பேப்பரைக் குடுக்கறதுக்கு ஒரு ரூவாயா? ஏனுங்கண்ணா, இந்த டீயே அதுக்கு மேல."

"எக்ஸ்சேஞ்ச் அக்கா சொன்னப்ப எத்தனை ரூவா வாங்கின நீ?"

"அவிங்க காசு வாங்காமச் சொன்னாங்க, நானும் காசு வாங்காமச் சொன்னேன். நீங்க காசு வாங்கிட்டுச் சொல்றீங்க. அப்ப எனக்கும் காசு."

நியாயமாக இருந்தது. இரண்டுக்கு வந்தேன். அவர் டீயைக் குடித்து முடித்து, கிளாஸை வைத்துவிட்டு, "அண்ணா, சாவு சேதி வந்தா?" என்று கேட்டார்.

அதை நான் அதுவரை பேசவில்லை. எப்படிச் சொல்ல வேண்டும் என்று சொன்னேன். அவர் தலையை ஆட்டினார். "அதுக்குக் காசு வேண்டாமுங்க. அக்கா முறையிலயே சொல்லிடறேன். ஆனா திரும்பி வரும்போது அந்த ஆளைச் சும்மா ஏத்திட்டு வரச் சொல்லாதீங்க. செக்கிங் வந்தா என் வேலை போயிரும்."

காலையில் ஒருமுறை, சாயங்காலம் ஒருமுறை பெட்டியைத் திறக்கிறேன். பார்த்து முடித்ததும் லைனை விட்டுவிடுகிறேன். விலைப் பக்கம் வராவிட்டால் போகிறது என்று விட்டுவிடுகிறேன். உங்களிடமிருந்து என்னிடம் மிச்சம் இருப்பது இந்த ஒரு பழக்கம்தான். சில நாள் லைனை விட்டதும் போன் அடிக்கும். ஓடிப்போய் எடுப்பேன். பெரும்பாலும் தவறான நம்பர்.

பேசி முடித்த விவரம் இது. மடல் எடுத்து அச்சடித்துக் கொடுக்கப் பக்கத்துக்கு ஐந்து ரூபாய், வாங்குகிறவர் தருவது. அதில் இரண்டு ரூபாய் பழனிக்கு. பதில் அனுப்பவும் ஐந்து ரூபாய், அதில் அவருக்குப் பங்கில்லை. சாவுச் செய்தி வந்தால் தாளில் கொடுக்கக் கூடாது. பஸ்ஸை நிறுத்தி, இறங்கிப் போய், ஒடம்புக்கு முடியலையாம், ஒடனே வரச் சொல்லியிருக்காங்க என்று வாயால் சொல்ல வேண்டும். அதற்கு எங்கள் இருவருக்கும் காசு கிடையாது. அந்த ஆள் சேலம் வரை மலை இறங்குகிற டிக்கெட் என் கணக்கு.